எழுதி வைத்த சண்டைக்கு ஏன் மனசு கனக்கிறது?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ரெசில்மேனியா என்பது WWE என்கிற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி வருஷாவருஷம் நடத்துகிற பெரிய நிகழ்ச்சி, ஜான் சீனா அதன் நட்சத்திர ஆட்டக்காரர், பட்டத்துக்கு அடையாளம் ஒரு பெல்ட்.

"அண்ணே, ரெசில்மேனியா 41-க்கு ரெண்டு நாளும் விடியக்காலம் நாலரை மணிக்கு எழுந்து உக்காந்தேன். ஜான் சீனா 17-வது பட்டம் வாங்குறதப் பாக்கணும்னு ஸ்கூல் படிக்கிறப்பலேருந்து ஆசை. கடைசில ஒரு பாட்டுக்காரர் வந்து நடுவுல புகுந்தாரு, பெல்ட்டால ஒரு போடு, முடிஞ்சுபோச்சு. அப்பா பக்கத்துல நின்னு, 'பொய்ச்சண்டைக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு'ன்னு சிரிக்கிறாரு. எழுதி வச்சு ஆடுறதுன்னு எனக்கும் தெரியும். அப்புறம் ஏன்ணே இன்னும் ஆற மாட்டேங்குது? இனிமே இதப் பாக்கலாமா, விட்டுடலாமா?"

நான் சாலியமங்கலம் பக்கம் பதினெட்டு வருஷம் கேபிள் ஓட்டியவன். இந்தச் சண்டை வந்த டென் ஸ்போர்ட்ஸ் சேனல் ஒரு நாள் தெரியவில்லை என்றால் கன்ட்ரோல் ரூம் வாசலில் பத்து சைக்கிள் நிற்கும். சன் டிவி சீரியல் நின்றால் வருகிற அம்மாக்களைக்கூடச் சமாளித்துவிடலாம். இந்தப் பயல்களைச் சமாளிக்க முடியாது. அதனால் உங்கள் வருத்தம் எனக்குப் புதுசு இல்லை தம்பி. அதன் நதிமூலம் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றே நினைக்கிறேன்.

முதலில் அப்பா கட்சியைப் பேசிவிடுவோம். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. 1989-லேயே அந்தக் கம்பெனிக்காரர்களே அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில செனட்டுக்கு முன்னால் போய், இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மனசாட்சி உறுத்தி இல்லை. குத்துச்சண்டைக்கு இருக்கிற மாதிரி ஆணையம், லைசென்ஸ், வரி என்று தங்கள் தலையிலும் ஏறாமல் இருக்கத்தான். அதற்கும் வெகுகாலம் முன்பே விஷயம் இதுதான். 1908-ல் சிகாகோவில் ஃபிராங்க் காட்சும் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட்டும் கட்டிப்புரண்ட சண்டை சுமார் இரண்டு மணி நேரம் ஓடியது. நிஜ மல்யுத்தம் அப்படித்தான் இருக்கும். ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பான். டிக்கெட் வாங்கியவன் கொட்டாவி விடுவான். 1920-களில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்று மூன்று பேர் சேர்ந்து, நேரத்தைச் சுருக்கி, விறுவிறுப்பைக் கூட்டி, இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்கு அடிப்போட்டார்கள். யார் ஜெயிப்பது என்பது உள்ளேயே முடிவாகும். வெளியே மூச்சுவிடக் கூடாது. அந்த ரகசியக் கட்டுப்பாட்டுக்குத்தான் அவர்கள் பாஷையில் கேஃபேப் என்று பெயர். திருவிழாக் கூடாரக்காரர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்த சொல் என்பார்கள்.

ஆனால் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள். தாராசிங், கிங்காங் என்று சொல்லுங்கள். எழுந்து உட்காருவார். அவர் தலைமுறையில் அந்த இரண்டு பெயரும் தெரியாத ஊர் கிடையாது. ஆறு மாட்டுக்கறி தின்பான், அறுபது முட்டை குடிப்பான் என்று கிங்காங்கைப் பற்றித் திண்ணையில் கதை ஓடும். 1968-ல் பம்பாயில் லூ தெஸ் என்கிற அமெரிக்க சாம்பியனைத் தாராசிங் வென்றதைச் சொன்னால் இன்னும் மார்பு நிமிரும். அதுவும் இதே தொழில்தான் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவரே கொஞ்ச நேரம் கழித்து யோசிப்பார்.

எங்கள் பருவத்தில் அது ட்ரம்ப் கார்டு. பெட்டிக்கடையில் வாங்கிய சீட்டுக்கட்டு. ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், மோதிய ஆட்டம், ஜெயித்த ஆட்டம். எடை என்று கேட்டால் யோகோசுனா வைத்திருப்பவன் ராஜா. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், ஆறு போய்விட்டது, மிச்சம் ஒன்று என்று எங்கள் வகுப்பில் ஒருத்தன் சத்தியம் செய்தான். யாருக்கும் இங்கிலீஷ் வர்ணனை புரியாது. புரியாததாலேயே சொந்தமாகக் கதை கட்டிக்கொண்டோம். நாங்கள் கட்டிய கதை அவர்கள் எழுதியதைவிடப் பல சமயம் நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொய் என்று தெரிந்தும் ஏன் வலிக்கிறது? இதற்கு அந்த ரெசில்மேனியா நடந்த லாஸ் வேகாஸ் போக வேண்டாம், நம்ம ஊர் காமன் பண்டிகைக்கு வந்தால் போதும்.

மாசி மாசம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் லாவணி கேட்டிருப்பீர்கள். சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி. மராட்டியர் காலத்தில் இங்கே வந்து தங்கிவிட்ட சரக்கு. இரண்டு பாட்டுக்காரர்களும் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், ஒரே கடையில் டீ குடிப்பார்கள், ஒருத்தர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து இன்னொருத்தர் எடுத்துப் போட்டுக்கொள்வார். ராத்திரி பத்து மணிக்கு டேப் என்கிற கைமேளத்தை எடுத்துத் தட்டிவிட்டால் ஜென்மப்பகை. "ஏண்டா எரியாத கட்சி, எலும்பு மிச்சம் இருந்தா எடுத்துக் காட்டுடா" என்கிற ரகத்தில் வார்த்தை பறக்கும். விடியும்போது யாரும் ஜெயித்திருக்க மாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் பாதி ஊர் இந்தப் பக்கம், பாதி ஊர் அந்தப் பக்கம்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு லாவணி. எரிந்த கட்சிக்காரர் ஒரு கேள்வி போட்டார். காமன் எரியவில்லை என்றால் ரதி எதற்காக அழுதாள், யாரிடம் மாங்கல்யப் பிச்சை கேட்டாள் என்று. நல்ல கேள்வி. கூட்டம் அப்படியே எதிர்க்கட்சிக்காரரைப் பார்க்கிறது. அவர் அன்றைக்கு என்ன அசதியோ, பதில் சொல்லாமல் ஒரு சினிமாப் பாட்டு மெட்டை எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு பையனை ஆட விட்டார். பையன் நன்றாகத்தான் ஆடினான். முதல் வரிசையில் குந்தியிருந்த எங்கள் சின்னத் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டு அப்புறமா ஆட விடுய்யா" என்றார். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் சத்தம் போட்டது. எரியாத கட்சிக்காரர்களே சத்தம் போட்டார்கள்.

அவர்கள் கோபப்பட்டது பொய் என்பதற்காகவா? தோற்றார் என்பதற்காகவா? இல்லை. கேள்வியைப் போட்டுவிட்டுப் பதிலைக் கொடுக்காமல் நழுவினார்கள் என்பதற்காக. தம்பி, உங்களுக்கு ஏப்ரல் 2025-ல் நடந்தது இதுதான், வரிக்கு வரி.

கதையை எடுத்துப் பாருங்கள். ஜான் சீனா 2024 ஜூலையில், அடுத்த வருஷத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவிக்கிறார். கம்பெனிக் கணக்குப்படி ரிக் ஃப்ளேர் என்கிற பழைய ஆட்டக்காரர் 16 முறை உலகப் பட்டம். சீனா 2017 ஜனவரியிலேயே அந்த 16-ஐத் தொட்டுவிட்டார். அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்த ஒற்றை நம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு 2025 மார்ச் 1, டொரான்டோ. பழைய ஆட்டக்காரரும் ஹாலிவுட் நடிகருமான ராக் வந்து, அப்போது பட்டத்தை வைத்திருந்த கோடி ரோட்ஸிடம் உன் ஆன்மா எனக்கு வேண்டும் என்று கேட்கிறார். கோடி மாட்டேன் என்கிறார். பக்கத்தில் நின்ற சீனா கோடியைக் கட்டிப்பிடிக்கிறார். ராக் கழுத்தை அறுக்கிற மாதிரி ஒரு சைகை. சீனா முகம் மாறுகிறது, இடுப்புக்குக் கீழே ஒரு அடி. இருபது வருஷத்துக்கு மேல் நல்லவனாகவே நின்ற ஆள், குழந்தைகள் தொப்பியும் சட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்ட ஆள், ஒரே நொடியில் வில்லன். கட்டிப்பிடித்திருக்கும்போதே அந்தக் கண் மாறுகிற இடம் இருக்கிறதே, அதற்காக மட்டும் அந்தக் காட்சியை நான் நாலைந்து முறை பார்த்தேன்.

இது கேள்வி. சீனா ஏன் விலைபோனான்? ராக்குக்கும் அவனுக்கும் என்ன பேரம்? கோடியின் ஆன்மாவை வாங்க வந்தவன் அடுத்து என்ன செய்வான்? ஏழு வாரம் மக்களைக் காக்க வைத்தார்கள். நடுவில் சீனா வந்த சில வாரங்களில் மைக்கைப் பிடித்து, இத்தனை வருஷம் நீங்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தினீர்கள் என்று ரசிகர்களையே திட்டினார். அது நல்ல சரக்குதான். ஆனால் போட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ரெசில்மேனியா அன்றைக்கு, அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்க, நமக்குத் திங்கள்கிழமை காலை எட்டு மணி வாக்கில் அந்தக் கடைசி ஆட்டம் ஆரம்பித்தபோது ராக் வரவே இல்லை. டொரான்டோவில் அவர் பக்கத்தில் நின்ற பாட்டுக்காரர் டிராவிஸ் ஸ்காட் வந்தார். இரணியன் வேஷக்காரர் வராத நாடகத்தில் அவருக்குக் குடைபிடிக்கிற பையன் மட்டும் மேடை ஏறி நின்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. கோடி சீனாவை அமுக்கி நடுவர் எண்ணுகிற நேரத்தில் அவர் நடுவரை வெளியே இழுத்தார், கோடியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு கோடி பெல்ட்டைக் கையில் எடுத்து அடிப்பதா வேண்டாமா என்று தயங்க, சீனா அதே பழைய அடி, அதே பெல்ட்டால் ஒரு போடு, ஒன்று இரண்டு மூன்று. வரலாற்று சாதனை முடிந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இட்லி ஆறிப்போயிருந்தது, அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு கோளாறும் உண்டு, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. 17 என்கிற நம்பரை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஊரே கூடிக் கொண்டாடுகிற கல்யாணமாகக் கொடுக்கலாம். அல்லது நடுராத்திரியில் கோயில் நகையைத் திருடிய மாதிரி, பார்க்கிறவன் வயிறெரிகிற மாதிரி கொடுக்கலாம். அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். எடுத்தது தப்பில்லை. ஆனால் திருட்டுக்கு வயிறெரிய வேண்டும் என்றால் திருடனை ஊர் வெறுக்க வேண்டுமே. சீனாவின் கடைசி வருஷம் இது, அவரை வழியனுப்ப வந்த கூட்டம் அது. திட்டவேண்டிய இடத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள். கல்யாணமும் இல்லை, திருட்டும் இல்லை, பந்தி போட்டு இலையை மட்டும் விரித்த கதையாகப் போயிற்று. சீனாவுக்கு அப்போது 48 நெருங்கிக்கொண்டிருந்தது, ஆட்டம் மெதுவாக நகர்ந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வயதான ஆளை வைத்தும் விறுவிறுப்பாக ஆட்டம் கட்டலாம், கட்டத் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பழியை யார் மேல் போடுவது என்பது இதில்தான் இருக்கிறது. யார் ஜெயிப்பது, எப்படி முடிப்பது என்பது மேலிடத்திலிருந்து வரும். இப்போது அந்த மேலிடம் டிரிபிள் எச் என்கிற முன்னாள் ஆட்டக்காரர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பழைய ஆட்டக்காரர் மேற்பார்வை. உள்ளே என்ன அடி, எந்த வரிசை என்பதில் ஆடுகிற இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. நடுவர் காதில் ஒரு கருவி இருக்கும், நேரம் ஆகிவிட்டது, முடி என்று உள்ளேயிருந்து தகவல் வரும். அவர் குனிந்து பார்க்கிற சாக்கில் ஆட்டக்காரர் காதில் சொல்வார். நாதஸ்வரக் கச்சேரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீர்த்தனை ஏற்கெனவே இருப்பது. ராகத்தை எவ்வளவு நேரம் எப்படி விரிப்பது என்பது ஊதுகிறவர் வித்தை. ரெசில்மேனியா 41-ன் கடைசி ஆட்டத்தில் என் கணக்கில் பெரிய குறை கீர்த்தனையில்தான், ஊதினவர்களிடம் இல்லை.

அடி எல்லாம் பொய்யா என்று அப்பா கேட்டால், முடிவுதான் பொய், தரை நிஜம் என்று சொல்லுங்கள். அந்த மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சு, மேலே ஒரு கான்வாஸ் துணி. அவ்வளவுதான் மெத்தை. 1998-ல் பிட்ஸ்பர்க்கில் மேன்கைண்டை அண்டர்டேக்கர் கூண்டின் உச்சியிலிருந்து, பதினாறு அடி உயரத்திலிருந்து, வர்ணனையாளர் மேஜைமேல் தள்ளிவிட்டதை நம் பக்கத்தில் பார்க்காத பையன் கிடையாது. அந்த விழுகையில் நடிப்பு என்ன இருக்கிறது?

நிற்க. ஏமாற்றத்திலும் ரகம் உண்டு. 2014 ஏப்ரல் 7, நமக்குத் திங்கள்கிழமை காலை. ரெசில்மேனியா 30, நியூ ஆர்லியன்ஸ். பரீட்சைக் காலம். இருந்தாலும் என் கன்ட்ரோல் ரூமில் ஏழெட்டுப் பையன்கள், இரண்டு பேர் யூனிஃபார்மோடு. டிஷ்ஷுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்டர்டேக்கர் ரெசில்மேனியாவில் 21 முறை ஆடி ஒரு தோல்வி கூட இல்லாதவர். பிராக் லெஸ்னர் மூன்றாவது முறை தூக்கிப் போட்டு அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மணி அடித்தது. திரையில் 21-1 என்று எழுத்து வந்தது. ஸ்டேடியத்தில் எழுபத்தைந்தாயிரம் பேர், ஒரு சத்தம் இல்லை. என் ரூமிலும் ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் மட்டும்தான். கண் பிதுங்கி வாய் பிளந்து நின்ற ஒரு ரசிகரின் முகத்தைக் கேமரா காட்டியது. ஒரு பயல் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, மிச்சம் இருந்த ஒண்ணும் போயிடுச்சா?" என்றான். அந்த ஏழு உயிர்க் கதை அவன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் போன். எடுத்ததும், "யோவ், பழைய கேசட்டு எதையாவது போட்டுட்டியா? அண்டர்டேக்கர் தோத்த மாரி காட்டுது" என்றார் ஒரு பெரிய மனுஷன். நான்தான் தோற்கடித்த மாதிரி.

அந்த முடிவைக் கம்பெனியின் அப்போதைய முதலாளி வின்ஸ் மெக்மேன் அன்றைய தினமே மாற்றினார் என்று அண்டர்டேக்கரே பின்னால் சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. எனக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் நழுவல் இல்லை. நேராக முகத்தில் அறைந்தார்கள், அறைந்தது நிஜமாக வலித்தது. அதே காலையில், ஒன்பது மணிக்குள், டேனியல் பிரையன் பட்டம் ஜெயித்தார். அவர் கைக்குப் பட்டம் வந்து தங்குமா என்பது எட்டு மாசமாகத் தொங்கின கேள்வி. யூனிஃபார்ம் போட்டிருந்த இரண்டு பேரும் கையை மேலே தூக்கி எஸ், எஸ் என்று கத்திக்கொண்டே சைக்கிளில் போனார்கள்.

பிரையன் கதையை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. அந்த முடிவை எழுதியது கம்பெனி இல்லை, கத்தியவர்கள். அந்த வருஷம் ஜனவரியில், முப்பது பேர் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து மோதுகிற ராயல் ரம்பிள் நடந்தபோது முப்பதாவது ஆளாக பிரையன் வருவார் என்று கூட்டம் காத்திருந்தது. வந்தவர் ரே மிஸ்டீரியோ. குழந்தைகளின் செல்லம் அவர். அவரையே ஊ என்று கூவி விரட்டினார்கள். பாவம் அந்த மனுஷன், என்ன செய்தார்? கம்பெனி வழிக்கு வந்தது. இதே கோடி ரோட்ஸ் விஷயத்தில் 2024 பிப்ரவரியில் நடந்ததும் அதுதான். ரெசில்மேனியாவில் அன்றைய சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸோடு மோதுகிற இடத்தை கோடியிடமிருந்து வாங்கி ராக்குக்குக் கொடுத்தார்கள். உலகம் பூரா கோடி வேண்டும் என்று கத்தியது. ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொண்டார்கள். முந்தின வருஷம் கோடி தோற்றபோதும் ஏமாற்றம்தான், ஆனால் அது தொடரும் போட்ட ஏமாற்றம், பிலடெல்பியாவில் ரெசில்மேனியா 40-ல் பதில் வந்து சேர்ந்தது. ஆக, உங்கள் வருத்தம் வீண் இல்லை. இந்தத் தொழிலில் அதற்கு வேலை உண்டு.

ஆனால் முன்பு இருந்த அளவு வேலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது கேபிள்காரன் மூளை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சியையும் தனித்தனியாகக் காசு கட்டித்தான் பார்க்க வேண்டும். ஒன்று சொதப்பினால் அடுத்ததை வாங்க மாட்டான். தட்டில் விழுகிற காசு. 2014-ல் சொந்த நெட்வொர்க் ஆரம்பித்து மாசம் பத்து டாலருக்குக் கொஞ்சம் குறைவு என்று ஆக்கினார்கள். இப்போது நெட்ஃபிளிக்ஸ். வாராவாரம் வருகிற ரா நிகழ்ச்சிக்கும் வெளிநாட்டு உரிமைக்கும் சேர்த்துப் பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் பேசி, 2025 ஜனவரியில் ஆரம்பித்தார்கள். நம் நாட்டிலும் அந்த ஏப்ரலிலிருந்து சோனியை விட்டு நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிவிட்டது. முழுத்தொகையும் முன்பே பேசி முடித்த நாடகக் கோஷ்டி எப்படி ஆடும் என்று திருவிழாக் கமிட்டியில் இருந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். மோசமாகத்தான் ஆடும் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மணிக்குக் கூட்டம் எழுந்துபோகிறதே என்ற பதைப்பு இருக்காது. தமிழ் வர்ணனை கேட்டுப் பழகிய நம் பையன்கள் பலருக்கு இந்த மாற்றத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. செட்டாப் பாக்ஸில் வந்துகொண்டிருந்ததை இப்போது செல்போனில் டேட்டா போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வில்லன் வேஷம் அப்புறம் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். ஆகஸ்ட் 1-ம் தேதி சீனா மறுபடி நல்லவர் ஆனார். இரண்டு நாள் கழித்து சம்மர்ஸ்லாம் என்கிற இன்னொரு பெரிய நிகழ்ச்சியில் கோடி பட்டத்தைத் திரும்ப வாங்கினார். அந்த ஆட்டம் அருமை. ஏப்ரலில் கொடுத்திருக்கவேண்டியதை ஆகஸ்டில் கொடுத்தார்கள். ராக் என்ன பேரம் பேசினார் என்ற கேள்வி காவிரியோடு போய்விட்டது.

இப்போது நீங்கள் ஒத்துக்கொள்ளாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். டிசம்பர் 13, வாஷிங்டன், சீனாவின் கடைசி ஆட்டம். குந்தர் கழுத்தைப் பிடித்து நெரிக்க, சீனா லேசாகச் சிரித்துக்கொண்டே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுக்காதே என்று சட்டையில் எழுதி விற்ற மனுஷன். கூட்டம் கொதித்தது, டிரிபிள் எச்சைப் பார்த்துக் கூவியது. எங்கள் தெருவில் ஒரு பையன் அன்றைக்கு மத்தியானம்வரை சாப்பிடவில்லை என்று அவன் அம்மா வந்து என்னிடம் முறையிட்டார், அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தினவனே நான்தான் என்கிற மாதிரி. அதுவும் ஒருவகையில் உண்மைதான். ஆனால் எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது தம்பி. இந்த ஆள் என்றைக்காவது விட்டுக்கொடுப்பானா என்று இருபது வருஷமாக இருந்த கேள்விக்கு, போகிற அன்றைக்கு, ஆமாம், விட்டுவிட்டேன் என்று அவரே பதில் சொல்லிவிட்டுப் போனார். போகிறவன் தோற்று, இருக்கிறவனைத் தூக்கிவிட்டுப் போவது அந்தத் தொழிலின் பழைய மரபு. வலித்தது, ஏமாறவில்லை. ஏப்ரலில் ஜெயித்தார், ஏமாந்தோம். இந்த இரண்டு காலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தியாவுக்கு என்று அவர்கள் கொடுத்த ஏமாற்றம் தனி. 2017 டிசம்பரில் டெல்லியில் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் ஜிண்டர் மஹால் உள்ளூர்க்காரர் மாதிரி வந்து டிரிபிள் எச்சிடம் தோற்றார், முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பாங்க்ரா ஆடினார்கள். அதைப் பற்றி எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும். விட்டுவிடுகிறேன்.

பார்க்கலாமா, விடலாமா என்றால், பெரிய நிகழ்ச்சி என்ற பெயருக்காக எழுந்து உட்காராதீர்கள். எந்த ஆட்டத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறதோ அதற்கு மட்டும் அலாரம் வையுங்கள். மற்றதைச் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஒன்றும் குடிமுழுகாது. நீங்கள் நொந்துகொண்ட அதே இரண்டாம் நாள், முதல் ஆட்டமாக மூன்று பெண்கள் ஆடினார்களே, ஐயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியான்கா பெலேர். நாலரை மணித் தூக்கக் கலக்கத்தில் பாதியை விட்டிருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் பியான்காவுக்கு விரல் உடைந்தது. உடைந்த விரலோடு கடைசிவரை ஆடினார். மற்ற இரண்டு பேர் பேச்சிலேயே எல்லாரும் இருக்க, பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஐயோ ஸ்கையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதுதான் கேள்வி. கயிற்றின் மேலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு அவர் சொன்னதுதான் பதில்.

கால்மணி நேரத்துச் சமாச்சாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். யார் ஜெயிப்பார் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.